ஆபரேட்டர் காய்ச்சிய பழக்கூழ்

என் மகள் முதன்முதலில் துப்பிய உணவு ஆப்பிள். அந்த நாளில் மைசூரில் ஆப்பிள் என்றால் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகும்போது வாங்கிப் போகிற பழம். வீட்டில் யாரும் சும்மா வாங்கித் தின்ன மாட்டார்கள். அதை நான் வாங்கி, தோல் சீவி, ஆவியில் வேகவைத்து, மசித்து, துணியில் வடிகட்டி, அரோரூட் கஞ்சியில் கலந்து, வெந்நீரில் கொதிக்கவைத்தெடுத்த சின்ன ஸ்பூனால் ஊட்டினேன். அவள் அதை நாக்கில் வைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு உதட்டைக் குவித்து ‘ப்ர்ர்’ என்று ஊதினாள். என் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆப்பிள்.

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம், நான் ஒரு நர்ஸ் என்பது. அதுவும் பிரசவ வார்டு நர்ஸ். வீட்டுக்குப் புறப்படும் தாய்மார்களை வராந்தாவில் உட்காரவைத்து, ஆறாம் மாதத்தில் குழந்தைக்கு என்ன கொடுக்க வேண்டும், எப்படிக் கொடுக்க வேண்டும் என்று கன்னடத்திலும் தமிழிலும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொடுத்தவள். ஸ்பூனை நாக்கின் நுனியில் வைக்காதீர்கள், நடுவில் வையுங்கள் என்பேன். துப்பினால் கோபித்துக்கொள்ளாதீர்கள், சற்றுப் பொறுத்து மறுபடியும் கொடுங்கள் என்பேன். அவர்களும் பயபக்தியோடு தலையாட்டுவார்கள். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். நர்ஸ் பிள்ளைக்குப் பழமொழி எதுவும் இல்லை; என் மகளைப் பார்த்திருந்தால் யாராவது ஒன்று கட்டியிருப்பார்கள்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. மகாராஜாவை ராஜப்பிரமுகர் என்று சொல்ல ஊர் பழகிக்கொண்டிருந்தது. நாங்கள் கோயில் மணி கேட்கிற தூரத்தில், ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்ட வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். கோயில் என்றால் எங்கள் மாதா கோயில். நான் மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள். என் அம்மா நான் நர்ஸ் படிப்பில் இருக்கும்போதே போய்விட்டாள். மாமியார் வீடு மார்டள்ளிப் பக்கம் ஒரு கிராமத்தில். காட்டையும் மாட்டையும் விட்டுவிட்டு அவர்களால் வந்து தங்க முடியாது. ஆகவே வீட்டில் மூன்றே பேர். நான், அவர், பிறகு இந்தத் துப்புகிறவள்.

அவர் ஒரு டாக்கீஸில் படம் ஓட்டுகிற ஆபரேட்டர். மேட்னி மூன்று மணிக்கு. அதற்குப் பிறகு இரண்டு ஆட்டம். எனக்குக் காலை டூட்டி என்றால் ஏழிலிருந்து இரண்டு. கல்யாணத்துக்கு முன்பே நாங்கள் இதைப் பேசி வைத்திருந்தோம். பிள்ளை பிறந்தால் காலையில் அவர் பார்த்துக்கொள்வது, நான் வந்ததும் அவர் சைக்கிளை எடுப்பது என்று. பேசும்போது எல்லாம் வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு போயிற்று. பிள்ளை என் பாலைத் தவிர வேறு எதையும் வாயில் வைக்க மாட்டாள் என்பதை மட்டும் இருவரும் யோசிக்கவில்லை.

விடுப்பு முடிகிற நேரத்தில் மேட்ரன் அம்மா கூப்பிட்டனுப்பினார். கல்யாணமான நர்ஸ் என்றாலே அவருக்கு அரைமனசு. “முதல் தேதி டூட்டிக்கு வந்துவிடு. முடியாதென்றால் இப்போதே எழுதிக் கொடுத்துவிடு. வார்டு உனக்காகக் காத்திருக்க முடியாது” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். நான் “சரி மேடம்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த வேலையை நான் சும்மா வாங்கவில்லை. சொந்தக்காரர்கள் எல்லோரும் கண்டவர் அழுக்கை அள்ளுகிற வேலை என்று முகம் சுளித்தபோது, ஒற்றைக்காலில் நின்று வாங்கினேன். ஒரு குழந்தை வெளியே வந்து மூச்சுவிடாமல் நீலம் பாரித்துக் கிடக்கும். அதன் முதுகைத் தேய்த்துத் தேய்த்து, வாயைத் துடைத்து, இனி அவ்வளவுதான் என்று நினைக்கும்போது அது வீல் என்று கத்தும். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு வேறு வேலை பிடிக்காது. எனக்கு அந்த வார்டு வேண்டும். என் மகளும் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கிண்ணம் கூழ் உட்கார்ந்திருந்தது. முதல் தேதிக்குள் அவள் அதைச் சாப்பிடாவிட்டால் வேலையை விட்டுவிட வேண்டியதுதான். காலை முழுக்கப் பசியோடு கதறுகிற பிள்ளையை விட்டுவிட்டு யாரால் போக முடியும்?

ஆப்பிளுக்குப் பிறகு பப்பாளி கொடுத்தேன். துப்பினாள். சப்போட்டாவை மசித்துப் பாலில் கரைத்தேன். அதை வாயிலேயே வாங்கவில்லை. பூட்டுப் போட்ட பெட்டி மாதிரி வாயை மூடிக்கொண்டாள். அவர் வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ராகி போட்டுப் பாரு புள்ள” என்றார் ஒரு நாள்.

“பச்சைக் குழந்தைக்கு ராகியா? நான் படிச்சது என்ன, நீங்க சொல்றது என்ன?”

“நீ படிச்சத அவ படிக்கலியே.”

எனக்குச் சுரீரென்றது. ஊருக்குத்தான் உபதேசம் என்று அவர் வாயால் சொல்லவில்லை; வெற்றிலையை மென்றுகொண்டே சிரித்தார், அவ்வளவுதான். மைசூரில் பாதி வீடுகளில் குழந்தைக்கு முளைகட்டிய ராகி மாவுதான் முதல் உணவு என்பது எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் ஆஸ்பத்திரிப் பாடத்தில் அது இல்லை. பாடத்தில் இல்லாததை அப்போது நான் மதிக்கமாட்டேன். ராகி என்றாலே எனக்கு அவர் ஊர்க் களிதான் ஞாபகம் வரும். கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டில் ஒரு உருண்டையை விழுங்கத் தெரியாமல் மென்று மென்று, தாடை வலித்து, எல்லோரையும் சிரிக்க வைத்தவள் நான்.

நான் செய்ய மாட்டேன் என்று தெரிந்ததும் அவரே இறங்கிவிட்டார். ராகியைக் கல் நீக்கி ஊறவைத்தார். ஈரத்துணியில் மூட்டை கட்டிச் சமையலறை ஆணியில் தொங்கவிட்டார். அது வெள்ளை வெள்ளையாக முளைவிட்டதும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் பார்க்காத மாதிரி பார்த்தேன். நிழலில் உலர்த்தி, வாசம் வருகிற வரைக்கும் வறுத்து, பக்கத்து வீட்டுத் திருகையைக் கடன் வாங்கி வந்து அரைத்தார். பக்கத்து வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். அவர் மனைவி கன்னடக்காரி, தமிழில் பேசினாலும் மரியாதைக்கு ஒரு ‘ரீ’ சேர்த்துக்கொள்வாள். என்னைவிடக் கொஞ்சம் வயது கூட. ஆண்பிள்ளை ஒருவர் திருகை கேட்டு வாங்கிப் போவதை அந்த அம்மாள் வாசலுக்கே வந்து நின்று பார்த்தாள்.

அன்று காலை நான் கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன். உள்ளே நுழைந்தால் அவர் தரையில் உட்கார்ந்து, ஒரு பாத்திரத்தின் வாயில் துணியை இறுகக் கட்டி, அதன்மேல் மாவைப் போட்டு விரலால் தேய்த்துத் தேய்த்துச் சலித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பிள்ளை கையைக் காலை உதைத்துக்கொண்டு கிடந்தாள். மாவு பவுடர் மாதிரி கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அந்தத் துணியைப் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். அது என் தலைத்துணி. நர்ஸ் வேலையில் தலையில் கட்டுகிற வெள்ளை மஸ்லின். முதல் தேதிக்காகக் கஞ்சி போட்டு, நீலம் போட்டு, இஸ்திரி செய்து பெட்டியில் வைத்திருந்தது, இப்போது ராகி நிறத்தில் இருந்தது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அது ஊரறிந்த விஷயம். ஆனால் அன்று கத்த முடியவில்லை.

“அப்ப நான் டூட்டிக்குப் போகப் போறதில்லைன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க” என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். புருவமெல்லாம் மாவு. “என்ன புள்ள சொல்ற?”

“நான் போறதா இருந்தா இதை எடுத்திருப்பீங்களா?”

அவர் துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். “ஊட்டுலயே மெல்லிசான துணி இதுதான் இருந்துச்சு. கஞ்சிப் பசையெல்லாம் நல்லா அலசிட்டுத்தான் கட்டினன்” என்றார். பிறகு, “நீ போகோணும்னுதான புள்ள இத்தனையும்” என்றார்.

நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்தப்பக்கம் போய்விட்டேன். இவர் என்னை நிறுத்தப் பார்க்கிறாரோ என்று சில நாளாகவே என் மனசில் ஒரு சந்தேகம் இருந்தது. அது அந்த ஒரு பேச்சில் போயிற்று. அவர் டாக்கீஸுக்குப் போனபிறகு, சாயங்காலம் பார்த்தால், தலைத்துணி துவைத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. கஞ்சியும் அவரே போட்டிருந்தார். பலகை மாதிரி விறைத்து நின்றது. ஊர்க்கஞ்சியில் பாதி அதில்தான் இருந்திருக்கும். நான் மறுபடி அலச வேண்டியதாயிற்று.

மாவு தயாராகிவிட்டது. பழம் என்ன என்று யோசிக்கவே வேண்டியதில்லை. மார்க்கெட்டில் நஞ்சன்கூட்டு வாழைப்பழம் வந்துகொண்டிருந்தது, ரசபாளே என்பார்கள். தோல் மெல்லிசு. கறுத்துப் போய்ப் பார்க்க அழுகினது மாதிரி இருக்கும்போதுதான் உள்ளே பழம் சரியான பதத்தில் இருக்கும். ஒரு சீப்பு வாங்கி மாட்டினால் வீடு முழுக்க அதன் வாசனைதான். அவர் ராகி மாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கரியடுப்பில் வைத்து, கையெடுக்காமல் கிளறுவார். மேலே ஒரு பளபளப்பு வரும். வந்ததும் இறக்கிவிடுவார். பழத்தின் நடுவில் ஓடுகிற கறுப்பு விதையை நீக்கி, மிச்சத்தை மசித்து, ஆறின கூழில் கலந்து, ஒரு சொட்டு நெய் விடுவார். நான் வாயில் வைத்துப் பார்த்தேன். நன்றாகவே இருந்தது. அவரிடம் சொல்லவில்லை.

அவள் அதையும் துப்பினாள்.

ஆனால் இந்த முறை ஒரு வித்தியாசம் இருந்தது. துப்பிவிட்டு நாக்கால் உதட்டைத் துழாவினாள். பிறகு என் பக்கம் திரும்பி இரண்டு கையையும் நீட்டி அழுதாள். எனக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்துவிட்டது. எடுத்துப் பால் கொடுத்தேன். அவர் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே எங்களைப் பார்த்தார்.

“கூழு மேல தப்பில்ல. உன்ற மேலதான் தப்பு. நீ கண்ணுக்கு முன்னால நின்னா அவ எதுக்குக் கூழு குடிக்கிறா? பிரியாணிய வெச்சுட்டுப் பழைய சோத்த ஊட்டுற மாதிரி” என்றார்.

மறுநாள் நான் உள்ளறையில் ஒளிந்துகொண்டேன். வளையல் சத்தம் கேட்டுவிட்டது. அதற்கடுத்து வளையலைக் கழற்றி வைத்துவிட்டு ஒளிந்தேன், இருமிவிட்டேன். பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. பிள்ளைக்கு அம்மா வாசம்தானே வேண்டும் என்று என் பழைய சேலை ஒன்றைத் தோளில் சுற்றிக்கொண்டு, முந்தானையை முன்னால் விட்டு, சப்பணம் போட்டு உட்கார்ந்து ஊட்டினார். அவள் சந்தோஷமாக அவர் மடியில் சாய்ந்து, சேலையை விலக்கி, நெஞ்சில் முகத்தை வைத்துத் தேடினாள். தேடினது கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் அழுத அழுகை தெருக்கோடி வரை கேட்டிருக்கும். அந்த நேரம் பார்த்து வாத்தியார் மனைவி திருகையை வாங்கிப் போக வந்தாள். மீசையோடு சேலை கட்டி உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துவிட்டு, “அப்புறமா வர்றேன் ரீ” என்று திரும்பிப் போய்விட்டாள்.

முதல் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. என்ன எழுதிக் கொடுப்பது என்று மனசுக்குள் வாக்கியம் அமைக்கத் தொடங்கிவிட்டேன்.

“ஒளியறது ஆகாது. நீ அக்கட்டால போயிடு புள்ள. இந்த ஊட்டுலயே இருக்காத. நான் கூப்பிடற வரைக்கும் வராத. அவ எவ்வளவு அழுதாலும் வராத” என்றார்.

எங்கே போவது? வாத்தியார் வீட்டுக்குத்தான் போனேன். அவர்கள் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் எங்கள் பின்கட்டு தெரியும். அந்த அம்மாள் காபிக்கொட்டை வறுத்துக்கொண்டிருந்தாள். நான் ஜன்னலுக்குப் பக்கவாட்டில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன்.

அவர் பிள்ளையைப் பின்கட்டில் பாய் போட்டு உட்காரவைத்து, முதுகுக்குத் தன் முழங்காலை முட்டுக் கொடுத்தார். கூழ்க் கிண்ணத்தை அவளுக்கு முன்னால் வைத்தார். ஸ்பூனை எடுக்கவே இல்லை. அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். என்னைத்தான் தேடுகிறாள் என்று எனக்குத் தெரியும். உதடு பிதுங்கியது. இதோ அழப்போகிறாள், ஓடவேண்டும் என்று என் கால் துடித்தது. அவர் அவசரப்படவில்லை. தன் விரலைக் கூழில் தோய்த்து, தானே நக்கி, கண்ணை மூடித் தலையை ஆட்டினார். அவள் அழுகையை நிறுத்திவிட்டு அவர் வாயைப் பார்த்தாள். மறுபடியும் நக்கினார். அவளைச் சட்டை செய்யவே இல்லை. அவளுக்குப் பொறுக்கவில்லை. கையைத் தூக்கிக் கிண்ணத்துக்குள் அப்படியே போட்டாள். மணிக்கட்டு வரை கூழ். அந்தக் கையைக் கொண்டுபோய் வாயில் வைத்தாள்.

நான் ஆஸ்பத்திரியில் ஒரு தாயிடமும் குழந்தையை அப்படிக் கிண்ணத்தில் கைபோட விடச் சொன்னதில்லை. கை சுத்தமா, நகம் வெட்டியாயிற்றா என்று மனசு தானாகவே கேட்டது. அதற்குள் அவள் இன்னொரு கையையும் போட்டுவிட்டாள். அவர் அப்போதுதான் ஸ்பூனை மெதுவாக எடுத்து, நடுநடுவே ஒரு வாய் வைத்தார். அவள் வாயைத் திறந்தாள். குருவிக்குஞ்சு திறக்கிற மாதிரி அவ்வளவு பெரிதாகத் திறந்தாள். விழுங்கினாள். மறுபடியும் திறந்தாள். கிண்ணம் காலியாகிவிட்டது. அவர் அதைச் சாய்த்துக் காட்டி, “தீந்து போச்சு சாமி” என்றார். அவள் சிரித்தாள்.

நான் சந்தோஷப்பட்டேன். சத்தியமாகச் சந்தோஷப்பட்டேன். வேலை போகவில்லை, வார்டு போகவில்லை. ஆனால் கண்ணிலிருந்து நீர் கொட்டியது, நிற்கவில்லை. மார்பில் பால் கட்டி வலித்தது. வாத்தியார் மனைவி வறுப்பதை நிறுத்திவிட்டு வந்து பார்த்தாள்.

“என்ன ரீ சிஸ்டர் இது. பாப்பா சாப்பிட்டா சந்தோஷப்படணும். நீங்க அழறீங்களே.”

நான் இல்லாமல் என் மகள் சாப்பிடவேண்டும் என்று எத்தனை நாள் மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். நான் இல்லாமல் அவள் சாப்பிட்டுவிட்டாள். அதுதான் அழுகை. “காபிக்கொட்டை புகை கண்ணுல பட்டுடுச்சு” என்றேன். அந்த அம்மாள் நம்பவில்லை, ஆனாலும் ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்து வைத்தாள்.

முதல் தேதி தலைத்துணி கட்டிக்கொண்டு போனேன். மேட்ரன் அம்மா ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “வந்துவிட்டாயா” என்றார். அவ்வளவுதான் வரவேற்பு. அன்று வார்டில் ஒரு நிமிஷம் உட்கார நேரமில்லை. ஆனால் எந்தக் குழந்தை அழுதாலும் என் மகள் அழுகிற மாதிரியே இருந்தது. இரண்டு மணிக்கு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன். பிள்ளை பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். வயிறு நிறைந்து உப்பியிருந்தது. புருவத்தில் ராகி காய்ந்து ஒட்டியிருந்தது. அவர் டாக்கீஸுக்குப் போகச் சட்டை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார்.

“சாப்பிட்டாளா?”

“சாப்பிட்டா.”

“அழுதாளா?”

அவர் என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். “அழுதா புள்ள. உன்னத் தேடி வாசப்படியவே பாத்துப் பாத்து அழுதா. பொறவு ஒருவழியா சமாதானம் பண்ணி ஊட்டினன்” என்றார்.

“அய்யோ பாவம்” என்றேன். உள்ளுக்குள் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று யாரிடமும் சொன்னதில்லை. அதற்குப் பிறகு தினமும் வந்ததும் முதலில் அதைத்தான் கேட்பேன். அவரும் தினமும் சொல்வார். ஒரு நாள் என் செருப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள் என்பார். ஒரு நாள் காக்கா கத்தியதற்கெல்லாம் நான் வருகிறேன் என்று திரும்பிப் பார்த்தாள் என்பார். சினிமாக்காரர் அல்லவா, எந்த இடத்தில் அழுகை வைக்கவேண்டும் என்று தெரிந்தவர். அதைக் கேட்டுவிட்டுத்தான் நான் மறுநாள் நிம்மதியாக டூட்டிக்குப் போவேன்.

மழைக்காலம் தொடங்கியிருந்தது. ஒரு நாள் திரும்பி வரும்போது வாத்தியார் மனைவி வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். “உங்க பாப்பா மாதிரி சாதுப் பாப்பாவ நான் பாத்ததில்ல ரீ” என்றாள். “நீங்க போனா ஒரு நாள்கூட அழுத சத்தம் கேட்டதில்ல. அப்பனும் மகளும் எந்நேரமும் சிரிப்புதான். கிண்ணத்தத் தட்டித் தட்டிச் சிரிக்குது.”

நான் அங்கேயே நின்றேன். என் சுபாவத்துக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். கதவைத் திறந்த உடனே, “ஏன் பொய் சொன்னீங்க” என்று ஆரம்பித்திருக்க வேண்டும். உள்ளே போனேன். அவர் சட்டைப் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தார். பிள்ளை அவர் காலடியில் உட்கார்ந்து வாழைப்பழத் தோலைச் சப்பிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடியும் தோலுக்குத் திரும்பிவிட்டாள்.

“அழுதாளா?” என்றேன்.

“அழுதா” என்றார், பொத்தானைப் போட்டுக்கொண்டே. “இன்னிக்குக் கொஞ்சம் சாஸ்திதான்.”

நான் குனிந்து பிள்ளையைத் தூக்கினேன். ரசபாளே வாசம் அடித்தது.

“நாளைக்கும் அழுவாளா?”

“அழுவா, அழுவா. நீ பேசாம டூட்டிக்குப் போ” என்று சொல்லிவிட்டு, மேட்னிக்கு நேரமாகிவிட்டதென்று சைக்கிளை எடுத்தார்.